100 ஜிகாபிட் கார்டு: பெட்டி மேல் இருக்கும் எண்ணும் சர்வருக்குள் போகும் எண்ணும்

சினிமாவுக்கு விமர்சனம் இருக்கிறது, செல்போனுக்கு இருக்கிறது, மிக்ஸி வாங்குவதற்கு முன்னால்கூட யூடியூபில் நாலு பேர் பிரித்துப் போட்டுக் காட்டுகிறார்கள். சர்வருக்குள் செருகும் ஃபைபர் நெட்வொர்க் கார்டுக்கு மட்டும் விமர்சனம் என்று ஒன்றை நான் அதிகம் பார்த்ததில்லை. கிடைப்பது இரண்டு வகைதான். ஒன்று, கம்பெனியே வெளியிடும் டேட்டா ஷீட். இன்னொன்று, அதே டேட்டா ஷீட்டை வேறு வார்த்தைகளில் எழுதி, நடுவில் ஒரு பார் சார்ட் போட்டு, "சொன்ன வேகம் வருகிறது" என்று முடித்துவிடும் கட்டுரை. ஒரு கார்டு ஒரு நல்ல லேப்டாப் விலைக்குப் போகிற காலத்தில் இது போதாதுங்க.

அதனால்தான் இந்தப் பதிவு. எந்த மாடலையும் எடுத்து மார்க் போடப்போவதில்லை. இருபது வருஷமாக இந்தக் கார்டுகள் எந்தத் திசையில் போயிருக்கின்றன, அதில் எது உருப்படியான வேலை, எது வெறும் வியாபாரம் என்று என் கணக்கைச் சொல்கிறேன். நெட்வொர்க்கிங் தெரியாதவர்களும் படிக்கலாம். வரும் கணக்கெல்லாம் பெருக்கல், வகுத்தல்தான்.

முதலில் அந்த எண். 10 ஜிகாபிட் ஈதர்நெட்டுக்கான தரநிலை 2002-ல் வந்தது. 40, 100 இரண்டும் 2010-ல். 25 ஜிகாபிட் 2016-ல், 200-ம் 400-ம் 2017-ல். பெட்டி மேல் "100" என்று போட்டிருந்தால், கார்டின் பின்பக்கத்திலிருந்து கண்ணாடி இழை வழியே ஒரு நொடிக்குப் பத்தாயிரம் கோடி பிட் போகும், அதே அளவு வரும் என்று அர்த்தம். இழை மேல் நடப்பதைப் பற்றிய உறுதிமொழி அது. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை, லேசரும் கண்ணாடியும் தங்கள் வேலையை ஒழுங்காகச் செய்கின்றன. சிக்கல் எல்லாம் இழை முடிந்து கம்ப்யூட்டர் தொடங்கும் இடத்தில்.

ஈதர்நெட்டில் மிகச் சிறிய பாக்கெட் 64 பைட். அதற்கு முன்னால் வரும் அடையாள பிட்கள், இரண்டு பாக்கெட்டுக்கு நடுவே விட வேண்டிய இடைவெளி எல்லாம் சேர்த்தால் 84 பைட், அதாவது 672 பிட். 10 ஜிகாபிட்டில் இது 67.2 நானோநொடிக்கு ஒரு பாக்கெட். 100 ஜிகாபிட்டில் 6.72 நானோநொடிக்கு ஒன்று. 3 ஜிகாஹெர்ட்ஸ் பிராசஸருக்கு 6.72 நானோநொடி என்றால் 20 துடிப்பு. கேஷில் இல்லாத ஒரு தகவலை மெயின் மெமரியிலிருந்து எடுத்துவரவே 80, 100 நானோநொடி ஆகிவிடும். பிராசஸர் ஒரே ஒரு தடவை மெமரிப் பக்கம் போய்த் திரும்புவதற்குள் பத்துப் பன்னிரண்டு பாக்கெட் வந்து வாசலில் நிற்கும்.

இதையே நீளமாகவும் பார்க்கலாம், எனக்குப் பிடித்த கணக்கு இது. கண்ணாடி இழைக்குள் ஒளி ஒரு நானோநொடிக்குச் சுமார் 20 சென்டிமீட்டர் போகும். 1 ஜிகாபிட் காலத்தில் அந்தக் குட்டி பாக்கெட், இடைவெளியோடு சேர்த்து, இழைக்குள் 134 மீட்டர் நீளத்துக்குக் கிடந்தது. 10 ஜிகாபிட்டில் 13 மீட்டர். 100-ல் 1.3 மீட்டர். ரேக்கில் இருக்கும் சர்வரிலிருந்து மேலே ஸ்விட்சுக்குப் போகும் மூன்று மீட்டர் கேபிளுக்குள்ளேயே இரண்டு பாக்கெட் வரிசையில் நிற்கும். பாக்கெட் முன்பைவிட வேகமாக ஓடுகிறது என்று நினைக்கிறோம். ஒளியின் வேகம் அன்றைக்கும் இன்றைக்கும் அதேதான். பாக்கெட் குட்டையாகி, நெருக்கி நெருக்கி வருகிறது, அவ்வளவுதான்.

எல்லா பாக்கெட்டும் 64 பைட் இல்லையே என்று கேட்பீர்கள். நியாயம். வழக்கமான 1500 பைட் பாக்கெட் என்றால் 100 ஜிகாபிட்டில் நொடிக்கு 81 லட்சம், ஒவ்வொன்றுக்கும் 123 நானோநொடி கிடைக்கும். கொஞ்சம் மூச்சு விடலாம். ஆனால் டிஎன்எஸ் சர்வர், பங்குச் சந்தை விலைத் தகவல், தொலைபேசி உரையாடல், வெளியிலிருந்து வரும் தாக்குதல் எல்லாம் சின்ன பாக்கெட்டாகத்தான் வரும். டேட்டா ஷீட் சொல்லும் 100 பெரிய பாக்கெட்டை மனதில் வைத்துச் சொன்னது. சின்ன பாக்கெட்டில் நொடிக்கு எத்தனை என்று எல்லோரும் முதல் பக்கத்தில் போடுவதில்லை. போட்டாலும் அதற்கு எத்தனை பிராசஸர் கோர் செலவாயிற்று என்று தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

பிராசஸரால் தனியாகச் சமாளிக்க முடியாது என்பது கார்டு செய்கிறவர்களுக்கு எப்போதோ தெரியும். அதனால் சில வேலைகளைக் கார்டே எடுத்துக்கொண்டது. செக்சம் போட்டுப் பார்ப்பது அதில் ஒன்று. கெர்னல் 64 கிலோபைட் கட்டாகக் கொடுத்தால் அதை நாற்பத்தைந்து பாக்கெட்டாக நறுக்கி, ஒவ்வொன்றுக்கும் தலைப்பு ஒட்டி அனுப்புவது இன்னொன்று. ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் பிராசஸரைத் தட்டி எழுப்பாமல், கொஞ்சம் சேர்ந்தபின் ஒரு தடவை எழுப்புவது. வரும் பாக்கெட்டுகளை முகவரி, போர்ட் எண் பார்த்துப் பல வரிசைகளாகப் பிரித்து வெவ்வேறு கோருக்கு அனுப்புவது. இவை எல்லாமே நல்ல வேலைகள். பெயர் வாங்காமல் நடக்கும் வேலைகளும்கூட. 10 ஜிகாபிட்டைச் சாதாரண சர்வருக்குச் சாதாரண விஷயமாக்கியது இவைதான்.

கடைசியாகச் சொன்ன வரிசைப் பிரிப்பில் ஒரு விஷயம் ஒளிந்திருக்கிறது. ஒரே டிசிபி இணைப்பின் பாக்கெட்டுகள் முன்பின் ஆகிவிடக்கூடாது என்பதால் எல்லாம் ஒரே வரிசைக்கு, ஒரே கோருக்குத்தான் போகும். கார்டு 100 ஆக இருந்தாலும், ஒரு பெரிய ஃபைலை ஒரே இணைப்பில் அனுப்பினால் அந்த ஒரு கோர் மூச்சுத் திணறும் இடத்தில் வேகம் நின்றுவிடும். மதிப்புரைகளில் "ஐபெர்ஃப்" ஓட்டிக் காட்டும்போது எட்டு இணைப்பு, பதினாறு இணைப்பு ஒரே நேரத்தில் வைத்து ஓட்டுவது இதனால்தான். அது தப்பு இல்லை. ஆனால் நம் வேலை ஒற்றை இணைப்பில் நடக்கிற வேலை என்றால் அந்த பார் சார்ட்டால் நமக்கு ஒரு பிரயோஜனமும் கிடையாது.

அடுத்த வாசல், கார்டு செருகும் ஸ்லாட். இங்கேதான் பணம் வீணாவதை நேரில் பார்த்திருக்கிறேன். பிசிஐ எக்ஸ்பிரஸ் மூன்றாம் தலைமுறையில் எட்டு லேன் ஸ்லாட்டின் உச்சம் 63 ஜிகாபிட். பதினாறு லேன் என்றால் 126. இதில் தலைப்பு, கணக்கு வழக்குக்கான பரிமாற்றம் எல்லாம் போக இன்னும் குறையும். இப்போது கடையில் இருக்கும் இரண்டு போர்ட் கார்டுகளைப் பாருங்கள். இரண்டு 40 ஜிகாபிட் போர்ட் உள்ள கார்டுகள் எட்டு லேனில் வந்தன. 80 எங்கே, 63 எங்கே? இரண்டு 100 ஜிகாபிட் போர்ட் உள்ள கார்டுகள் மூன்றாம் தலைமுறைப் பதினாறு லேனில் வந்தன, இன்றைக்கும் பழைய சரக்காக நிறைய விற்கின்றன. இரண்டு போர்ட்டும் ஒரே நேரத்தில் முழுதாக ஓடவே முடியாது, அதற்கு நான்காம் தலைமுறை ஸ்லாட் வேண்டும். அதில் பதினாறு லேனுக்கு 252.

கம்பெனிக்காரர்கள் ஒரு பதில் வைத்திருக்கிறார்கள். இரண்டாவது போர்ட் வேகத்துக்கு இல்லை, ஒரு கேபிளோ ஸ்விட்சோ போய்விட்டால் இன்னொன்றில் ஓடுவதற்கு என்பார்கள். சரியான பதில்தான், நானும் அப்படித்தான் பயன்படுத்துவேன். பிறகு ஏன் சில விளம்பரத் தாள்களில் இரண்டையும் கூட்டி "200 ஜிகாபிட்" என்று போடுகிறார்கள்?

ஒரு டெண்டர் ஆவணம் பார்க்கக் கிடைத்தது. எந்த நிறுவனம் என்பது வேண்டாம். இரண்டு 100 ஜிகாபிட் போர்ட் கொண்ட கார்டு, மொத்தத் திறன் 200 ஜிகாபிட் என்று கேட்டிருந்தார்கள். அதே ஆவணத்தில் நாலு பக்கம் தள்ளி, கார்டு போகப்போகும் சர்வர்களின் பட்டியல் இருந்தது. எல்லாம் மூன்றாம் தலைமுறை ஸ்லாட். பின்னாலிருக்கும் ஸ்டோரேஜோ சுழலும் ஹார்டு டிஸ்குகள், பத்துப் பன்னிரண்டு சேர்ந்து ஓடினாலும் 20 ஜிகாபிட்டைத் தாண்டாது. வாங்கச் சொன்னவர்கள் முட்டாள்கள் இல்லை. அவர்களுக்குக் கிடைத்த ஒரே தகவல் பெட்டி மேல் இருக்கும் எண். இரண்டு 25 ஜிகாபிட் போர்ட் உள்ள கார்டு போதும், அது எட்டு லேனில் முழுதாக அடங்கும் என்று சொல்ல யாருக்கும் லாபம் இல்லாததால் யாரும் சொல்லவில்லை. பொதுப் பணம்.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். கார்டுக்கு எவ்வளவு வேலை கொடுக்கலாம்?

2000-களின் தொடக்கத்தில், செக்சம் போன்ற சில்லறை வேலைகளோடு நிற்காமல் டிசிபி முழுவதையும் கார்டுக்குள் வைத்துவிடலாம் என்று ஒரு அலை வந்தது. இணைப்பைத் தொடங்குவது, தொலைந்த பாக்கெட்டைத் திரும்ப அனுப்புவது, நெரிசல் வந்தால் வேகத்தைக் குறைப்பது எல்லாம் கார்டின் சிப்பில். டிசிபி ஆஃப்லோட் என்று பெயர். அப்போது ஹெச்பி ஆய்வகத்தில் இருந்த ஜெஃப்ரி மோகல் 2003-ல் இதைப் பற்றி ஒரு சிறு ஆய்வுக் கட்டுரை எழுதினார். பொதுவான வேலைகளுக்கு இந்த யோசனை ஏன் திரும்பத் திரும்பத் தோற்றது என்று காட்டிவிட்டு, ஸ்டோரேஜ் போன்ற சில இடங்களில் இதற்கு நேரம் வந்திருக்கலாம் என்றும் சொல்கிற நேர்மையான கட்டுரை. லினக்ஸ் நெட்வொர்க் பகுதியைப் பார்த்துக்கொண்டவர்களோ, கார்டு நிறுவனங்கள் எவ்வளவு கேட்டும், இதைக் கெர்னலுக்குள் விடவே இல்லை. அவர்கள் சொன்ன காரணங்களை இன்று படித்தாலும் பழசாகத் தெரியவில்லை. கார்டுக்குள் இருக்கும் டிசிபியில் பாதுகாப்பு ஓட்டை வந்தால் யார் அடைப்பது? கம்பெனி அந்த மாடலைக் கைவிட்டால்? ஃபயர்வால், வரிசைக் கட்டுப்பாடு எல்லாம் கெர்னலில் இருக்கும்போது பாக்கெட்டுகள் அதைச் சுற்றிக்கொண்டு போனால் அந்த மெஷினில் என்ன நடக்கிறது என்று யாருக்குத் தெரியும்?

மைக்ரோசாஃப்ட் வேறு வழியில் போனது. "சிம்னி" என்ற பெயரில் விண்டோஸ் சர்வரில் இதற்கு இடம் கொடுத்தார்கள். அந்தக் காலத்தில் விண்டோஸ் சர்வர் பார்த்துக்கொண்டவர்களைக் கேளுங்கள், இணைப்பு காரணமில்லாமல் அறுந்தால் முதல் வேலையே சிம்னியை அணைப்பதாக இருந்தது. பிறகு மைக்ரோசாஃப்டே அதைப் பயன்படுத்த வேண்டாம் என்று ஒதுக்கிவைத்துவிட்டது.

லினக்ஸ்காரர்கள் ஜெயித்தார்கள் என்று இங்கேயே முடித்துவிடலாம். ஆனால் அது பாதிக் கதை. அதே லினக்ஸ் 2018-ல், 4.18 பதிப்பில், டிஎல்எஸ் குறியாக்கத்தைக் கார்டுக்குத் தள்ளிவிடும் வசதியை ஏற்றுக்கொண்டது. டிசிபிக்குக் கூடாது என்று நின்றவர்கள் இதற்கு ஏன் சரி என்றார்கள்? இதைப் புரிந்துகொள்ள எனக்குக் கிடைத்த நல்ல உதாரணம் லினக்ஸ் பக்கம் இல்லை, ஃப்ரீபிஎஸ்டி பக்கம் இருக்கிறது. நெட்ஃப்ளிக்ஸ்.

நெட்ஃப்ளிக்ஸ் வீடியோவை இணையச் சேவை நிறுவனங்களுக்குள் வைத்திருக்கும் தன் சொந்த சர்வர்களிலிருந்து அனுப்புகிறது. அங்கே வேலை செய்யும் ட்ரூ கல்லட்டின் 2021-ல் யூரோபிஎஸ்டிகான் மாநாட்டில், ஒரே சர்வரிலிருந்து 400 ஜிகாபிட் அனுப்பப் பார்த்த கதையைச் சொன்னார். அந்தக் கணக்கு அழகானது. 400 ஜிகாபிட் என்றால் நொடிக்கு 50 ஜிகாபைட். வீடியோ டிஸ்கிலிருந்து மெமரிக்கு வர வேண்டும், அது ஒன்று. குறியாக்கம் செய்ய பிராசஸர் மெமரியிலிருந்து படிக்க வேண்டும், இரண்டு. குறியாக்கியதைத் திரும்ப மெமரியில் எழுத வேண்டும், மூன்று. கார்டு அதை மெமரியிலிருந்து எடுத்துக்கொண்டு போக வேண்டும், நான்கு. ஆக 50 ஜிகாபைட் நான்கு தடவை மெமரியைக் கடக்கிறது, 200 ஜிகாபைட். அவர்கள் வைத்திருந்த ஏஎம்டி சர்வரில் எட்டு மெமரி சேனலும் சேர்ந்து காகிதத்தில் 204.8, நடைமுறையில் 150-ஐ ஒட்டித்தான் வரும். பிராசஸரில் சக்தி இருந்தும் மெமரி வழி அடைத்துக்கொண்டது. சுமார் 240 ஜிகாபிட்டில் நின்றது.

இப்போது குறியாக்கத்தைக் கார்டிடம் கொடுத்தால்? இரண்டாவதும் மூன்றாவதும் காணாமல் போகும். டிஸ்கிலிருந்து வந்தது அப்படியே கார்டுக்குப் போகும், வெளியே போகும் வழியில் கார்டு குறியாக்கிவிடும். 200 பாதியாகி 100 ஆகிவிடும். அப்படிச் செய்தபோது சுமார் 380 ஜிகாபிட் வந்தது. பிராசஸர் வீடியோவைத் தொடவே இல்லை.

இங்கே டிசிபி கார்டுக்குப் போகவில்லை என்பதைக் கவனியுங்கள். எந்த பாக்கெட் எப்போது போக வேண்டும், தொலைந்ததை எப்போது திரும்ப அனுப்ப வேண்டும், எவ்வளவு வேகம் என்பதெல்லாம் கெர்னலே தீர்மானிக்கிறது. கார்டு ஒரு இணைப்புக்கான சாவியையும் குறியாக்கம் எந்த இடத்தில் நிற்கிறது என்பதையும் மட்டும் நினைவு வைத்துக்கொள்கிறது. நடுவில் ஒரு பாக்கெட் தொலைந்து திரும்ப அனுப்ப வேண்டி வந்தால், அந்த டிஎல்எஸ் பதிவின் தொடக்கத்திலிருந்து டேட்டாவை இன்னொரு தடவை கார்டுக்குக் காட்டிக் கணக்கை மீட்டுக்கொள்கிறார்கள். கொஞ்சம் அழுக்கான வேலைதான். ஆனால் கார்டு மறந்துபோனாலோ மக்கர் பண்ணினாலோ அதே வேலையைப் பிராசஸர் எடுத்துச் செய்யலாம், இணைப்பு அறுந்துவிடாது. சிம்னியில் அப்படி முடியாது, இணைப்பின் உயிரே கார்டிடம் இருந்தது.

என் அளவுகோல் இதுதான். கார்டைத் தூக்கிவிட்டால் வேலை மெதுவாக ஓடுமா, இல்லை ஓடவே ஓடாதா? மெதுவாக ஓடும் என்றால் அந்த ஆஃப்லோட் நல்லது. ஓடாது என்றால் நம் சர்வரின் ஒரு பகுதியை நாம் படிக்க முடியாத ஃபர்ம்வேருக்கு எழுதிக் கொடுத்துவிட்டோம்.

எழுதிக் கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்கும் உதாரணம் இருக்கிறது, அதுவும் பெரிய இடத்து உதாரணம். ஆர்டிஎம்ஏ என்பது ஒரு சர்வரின் கார்டு இன்னொரு சர்வரின் மெமரியில் பிராசஸரைக் கேட்காமலே எழுதும் முறை. இன்ஃபினிபேண்ட் என்ற தனி வகை நெட்வொர்க்கில் பிறந்தது. அங்கே நெரிசலால் பாக்கெட் தொலைவது கிட்டத்தட்ட இல்லை. அதைச் சாதாரண ஈதர்நெட் மேல் கொண்டுவந்தபோது "ரோக்கி" என்று பெயர் வந்தது, பாக்கெட் தொலையும் உலகமும் கூடவே வந்தது. மைக்ரோசாஃப்ட் தன் டேட்டா சென்டர்களில் இதைப் பெரிய அளவில் ஓட்டிய அனுபவத்தை 2016-ல் சிக்காம் மாநாட்டில் எழுதியிருக்கிறார்கள். இரண்டு சர்வர், நடுவில் ஒரு ஸ்விட்ச். ஸ்விட்சில் 256 பாக்கெட்டுக்கு ஒன்றை வேண்டுமென்றே கீழே போட்டார்கள். அரை சதவீதம்கூட இல்லை. கேபிள் முழு வேகத்தில் நிரம்பி ஓடிக்கொண்டே இருந்தது. அப்ளிகேஷனுக்கு வந்து சேர்ந்த டேட்டா பூஜ்யம்.

ஏன் தெரியுமா? நடுவில் ஒரு பாக்கெட் தொலைந்தால் அந்தக் கார்டு முழுச் செய்தியையும் முதல் பாக்கெட்டிலிருந்து திரும்ப அனுப்பியது. செய்தி 4 மெகாபைட், சில ஆயிரம் பாக்கெட். 256-க்கு ஒன்று விழும்போது எந்த முயற்சியும் கடைசி வரை போய்ச் சேராது. மலை ஏறி ஏறி அடிவாரத்துக்கே சறுக்கும் கதை. தொலைந்த இடத்திலிருந்து மட்டும் திரும்ப அனுப்பலாம் என்பது நெட்வொர்க்கிங் பாடப் புத்தகத்தில் இருக்கிற விஷயம், கல்லூரியில் எல்லோரும் படித்ததுதான். ஆனால் இந்த நிரல் கார்டுக்குள் இருந்தது. மைக்ரோசாஃப்டே ஆனாலும் கார்டு செய்தவர்களோடு உட்கார்ந்துதான் மாற்ற வேண்டியிருந்தது. அவர்கள் கேட்டால் நடக்கும். நாலு கார்டு வாங்கிய நாம் கேட்டால்?

அதே கட்டுரையில் இன்னொன்றும் வரும். பாக்கெட் தொலையாமல் இருக்க, "கொஞ்சம் நிறுத்து" என்று அடுத்தவருக்குச் சொல்லும் ஒரு ஏற்பாடு உண்டு. பழுதான ஒரே ஒரு கார்டு இந்த "நிறுத்து"வைச் சொல்லிக்கொண்டே இருந்தால், ஸ்விட்ச் நிற்கும், அதற்கு மேலிருக்கும் ஸ்விட்ச் நிற்கும், அப்படியே பரவி நெட்வொர்க்கின் பெரும் பகுதியே உறைந்துவிடும். ஒரு கார்டுக்கு அந்த அளவு அதிகாரம். கடைசியில் ஸ்விட்சிலும் கார்டிலும் காவலுக்கு ஆள் போட்டது போல ஒரு கண்காணிப்பு வைத்துச் சமாளித்தார்கள்.

இதையெல்லாம் பார்த்தபின் வந்திருக்கும் டிபியு அலையை எப்படி எடுத்துக்கொள்வது? இப்போது கார்டு மேலேயே தனிக் கம்ப்யூட்டர் வந்துவிட்டது. என்விடியாவின் புளூஃபீல்ட்-2-ல் எட்டு ஆர்ம் கோர், தனி மெமரி, தனி லினக்ஸ். சர்வருக்குள் இன்னொரு சர்வர். மேக வாடகை நிறுவனங்களுக்கு இது அற்புதமான பொருள், அதை மறுக்க மாட்டேன். அமேசான் 2015-ல் அன்னபூர்ணா லேப்ஸை வாங்கி, 2017-ல் நைட்ரோ என்று அறிவித்தது இந்த வழிதான். முழு மெஷினையும் வாடகைக்கு விடுகிறவருக்கு, குடித்தனக்காரர் கை படாத ஒரு இடத்தில் தன் பூட்டும் சாவியும் இருக்க வேண்டும். வீட்டுக்காரரின் மீட்டர் பெட்டி மாதிரி.

ஆனால் சொந்த வீட்டில் குடியிருப்பவருக்கு அந்த மீட்டர் பெட்டி எதற்கு? பத்து சர்வர் வைத்திருக்கும் ஒரு கல்லூரிக்கோ மருத்துவமனைக்கோ டிபியு விற்கப் பார்க்கிறார்கள் என்றால், பத்து சர்வரை இருபது சர்வராக்குகிறார்கள் என்றுதான் அர்த்தம். அந்த இருபதுக்கும் பேட்ச் போட வேண்டும், பாஸ்வேர்டு மாற்ற வேண்டும், லாக் பார்க்க வேண்டும். இருக்கும் பத்துக்கே ஒழுங்காகப் பார்க்க ஆள் இல்லை.

இந்த அலைக்குத் தொழில்நுட்பம் மட்டும் காரணம் இல்லை என்பது என் எண்ணம். தனித்தனியாக நெட்வொர்க் கார்டு மட்டும் செய்துகொண்டிருந்த நிறுவனங்கள் ஒவ்வொன்றாகப் பெரிய சிப் நிறுவனங்களுக்குள் போய்விட்டன. மெல்லனாக்ஸை என்விடியா 2020-ல் சுமார் 700 கோடி டாலருக்கு வாங்கி முடித்தது. சோலார்ஃபிளேரை சைலிங்ஸ் 2019-ல் வாங்கியது, சைலிங்ஸை ஏஎம்டி 2022-ல் வாங்கியது, அதே வருஷம் பென்சாண்டோவையும். கார்டு என்பது இனி தனிச் சரக்கு இல்லை, பிராசஸரோடும் ஜிபியுவோடும் சேர்த்துக் கட்டி விற்கும் தொகுப்பில் ஒரு துண்டு. அப்படி விற்பவருக்கு "25 போதும்" என்று சொல்ல மனசு வராது.

கார்டை விட்டு அதில் செருகும் மாட்யூலைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், எரிச்சல் தரும் விஷயம். ஃபைபர் நேராகக் கார்டில் செருகாது. நடுவில் எஸ்எஃப்பி என்ற விரல் அளவு உலோகத் துண்டு ஒன்று வேண்டும், லேசர் அதற்குள்தான் இருக்கிறது. பல நிறுவனங்கள் கூடிப் பேசி, யார் செய்தது யாருடையதிலும் பொருந்த வேண்டும் என்று ஒப்புக்கொண்ட வடிவம் அது. ஒவ்வொரு மாட்யூலுக்குள்ளும் ஒரு குட்டி மெமரி, அதில் 20-லிருந்து 35 வரையான பைட்டுகளில் செய்தவர் பெயர், பதினாறு எழுத்து. நல்ல எண்ணத்தோடு வைத்த பெயர்ப் பலகை. அதையே படித்துப் பார்த்து, தெரிந்த பெயர் இல்லாவிட்டால் உள்ளே விடமாட்டேன் என்கிற கார்டுகளும் ஸ்விட்சுகளும் வந்தன. பரவலாகப் புழங்கும் இன்டெல் 10 ஜிகாபிட் கார்டுகளின் லினக்ஸ் டிரைவரில், ஆதரவில்லாத எஸ்எஃப்பியை அனுமதி என்று சொல்வதற்கென்றே ஒரு அமைப்பு இருக்கிறது. டிரைவரை ஏற்றும்போது அதற்கு 1 கொடுத்தால், ஒரு நிமிஷம் முன்னால் "பொருந்தாது" என்று ஒதுக்கிய அதே மாட்யூல் வேலை செய்கிறது. அப்படியென்றால் அது ஒளியின் குறையா, பெயரின் குறையா? சோதிக்காத மாட்யூலுக்குப் பொறுப்பேற்க முடியாது என்கிறார்கள். பொறுப்பேற்க வேண்டாம், ஒரு எச்சரிக்கை எழுதிவிட்டு ஓட விடலாமே. அந்த அமைப்பையாவது வெளியே வைத்தார்களே என்று இன்டெலைப் பாராட்டவும் வேண்டும்.

வெப்பத்தைப் பற்றி ஒரு வரி. 100 ஜிகாபிட் கார்டுகளுக்கு எவ்வளவு காற்று வேண்டும் என்று ஆவணத்தில் போட்டிருப்பார்கள், அது ரேக் சர்வரின் அலறும் ஃபேன்களை நம்பிச் சொன்னது. பழைய கார்டை மலிவாக வாங்கி வீட்டு டவரில் போட்டால் தனியாக ஒரு ஃபேன் வையுங்கள்.

இன்றைக்கு யாராவது சின்ன இடத்துக்குக் கார்டு வாங்கக் கேட்டால், இரண்டு 25 ஜிகாபிட் போர்ட், எட்டு லேன், லினக்ஸ் கெர்னலுக்குள்ளேயே டிரைவர் இருக்கும் மாடல் என்றுதான் சொல்கிறேன். ரேக்குக்குள்ளேயே என்றால் ஃபைபர்கூட வேண்டாம், மூன்று மீட்டருக்குள் செம்புக் கேபிளே போதும், மாட்யூல் செலவும் மிச்சம். ஒன்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள், 25-ல் பிழை திருத்தும் முறை கார்டிலும் ஸ்விட்சிலும் ஒன்றாக இல்லாவிட்டால் விளக்கே எரியாது, கேபிளை மாற்றி மாற்றிப் பார்த்து நாள் போய்விடும்.

போட்டபின் இரண்டு விஷயம் பாருங்கள். "எல்எஸ்பிசிஐ" கட்டளையை விரிவாக ஓட்டினால் கார்டு எத்தனை லேனில், எந்தத் தலைமுறை வேகத்தில் உண்மையாக உட்கார்ந்திருக்கிறது என்று வரும். பதினாறு லேன் அளவு நீளமான ஸ்லாட்டுக்குள் நான்கு லேன் மட்டுமே இணைத்திருக்கும் மதர்போர்டுகள் உண்டு, வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. அடுத்து "ஈத்டூல்" காட்டும் எண்ணிக்கைகள். இடமில்லாமல் கீழே போட்ட பாக்கெட் எத்தனை என்று அதில் ஒரு வரி இருக்கும், பெயர் மட்டும் கார்டுக்குக் கார்டு மாறும். நல்ல கூட்ட நேரத்தில் ஐந்து நிமிஷ இடைவெளியில் இரண்டு தடவை எடுத்துக் கழித்துப் பாருங்கள். அந்த எண் ஏறிக்கொண்டே இருந்தால், பாக்கெட் இழை வழியாக ஒழுங்காக வந்து சேர்ந்துவிட்டு, சர்வர் வாசலில் விழுந்துகொண்டிருக்கிறது.